போய்ச் சேரும் பாதையும் பார்த்துப் போகும் பாதையும்

குடும்பத்தோடு பயணம் புறப்படுகிறவர்களில் பெரும்பாலோர், புறப்படுவதற்கு முந்திய இரவே ஒரு தவறைச் செய்துவிடுகிறார்கள். ஒரு தாளை எடுத்து, பார்க்க வேண்டிய இடங்களையெல்லாம் ஒன்றன் கீழ் ஒன்றாக எழுதிவிடுகிறார்கள். அந்தத் தாளில் இடங்கள் இருக்கும், தூரங்கள் இருக்கும், நேரங்களும் இருக்கும். ஆனால் வாகனத்தில் ஏறப்போகும் மனிதர்கள் இருக்க மாட்டார்கள். முழங்கால் வலியுள்ள தாய் அதில் இல்லை. வளைவுகளில் வயிற்றைப் பிடித்துக்கொள்ளும் பிள்ளை இல்லை. முந்திய இரவு கண்ணயராத சாரதியும் இல்லை.

2023ஆம் ஆண்டு ஜூன் மாத இறுதியில், நோர்வேயின் தலைநகரான ஒஸ்லோவிலிருந்து நாங்களும் அப்படியொரு தாளுடன்தான் புறப்பட்டோம்.

என் தங்கை திருமணமாகிப் பல வருடங்களாக அங்கே வாழ்கிறாள். அவளைப் பார்ப்பதற்காக நானும் உம்மாவும் ஒரு மாத விடுமுறையில் போயிருந்தோம். உம்மாவுக்கு அப்போது 72 வயது. மச்சான் வயோதிபர் இல்லமொன்றில் இரவுக் கடமை பார்ப்பவர். எங்களுக்காக மூன்று நாள் லீவு எடுத்திருந்தார். அந்த மூன்று நாளுக்குள் ஒன்பது இடங்கள் என்று அவர் எழுதிய தாள், வாகனத்தின் முன் கண்ணாடியருகே செருகப்பட்டிருந்தது. முதல் நாளே மேற்குக் கரையிலுள்ள பேர்கன் நகரை அடைய வேண்டும் என்பது அவருடைய திட்டம். ஏறக்குறைய 500 கிலோமீற்றர். நம்மில் பலருக்கு, ஐரோப்பாவில் 500 கிலோமீற்றர் என்றால் ஐந்து மணி நேரம் என்று ஓர் எண்ணம் இருக்கிறது. நோர்வேயில் அது நடவாத காரியம். நகருக்கு வெளியே பெரும்பாலான பாதைகளில் மணிக்கு 80 கிலோமீற்றர்தான் எல்லை, ஊர்மனைகளுக்குள் 50. மீறினால் தண்டப்பணம் மிகக் கடுமையானது. பாதையும் மலையைச் சுற்றி, ஏரியைச் சுற்றி, மறுபடியும் மலையைச் சுற்றித்தான் போகிறது. பகலாயினும் முன்விளக்குகளை எரியவிட்டே ஓட்ட வேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டம்.

காலை பத்து மணிக்குப் புறப்பட்டோம். மச்சான் அன்று காலைதான் கடமை முடிந்து வந்திருந்தார். ஒரு மணித்தியாலம் படுத்தார், எழுந்தார், வாகனத்தை எடுத்தார். தங்கைக்கும் சாரதி அனுமதிப்பத்திரம் இருக்கிறது. “நான் எடுக்கட்டா?” என்று வாசலிலேயே கேட்டாள். “எனக்குப் பழக்கம்தானே” என்றார் அவர்.

ஈ 16 எனப்படும் பெருந்தெரு ஒஸ்லோவிலிருந்து வடமேற்காக வால்ட்ரெஸ் என்ற நீண்ட பள்ளத்தாக்கினூடே ஏறுகிறது. இருபுறமும் ஊசியிலைக் காடு. சரிவுகளில் சிவப்பு வர்ணம் பூசிய மரக் களஞ்சியங்கள். கூரையில் மண் பரப்பிப் புல் வளர்த்த பழைய வீடுகளும் இடையிடையே தென்பட்டன. பெரிய காட்டு மான்கள் பாதையைக் கடக்கும் இடங்களில் அவற்றின் உருவம் வரைந்த எச்சரிக்கைப் பலகைகள் நின்றன. உம்மா ஒவ்வொன்றையும் எண்ணிக்கொண்டு வந்தார். பாகர்னெஸ் என்ற சிற்றூருக்கு வந்தபோது, “கொஞ்சம் நிப்பாட்டினா கால நீட்டிக்கொள்ளலாம்” என்றார். “இன்னும் கொஞ்சத் தூரம்தான் மாமி, ஏரிக்கரையில நிப்பாட்டுவோம்” என்றார் மச்சான். ஏரி வந்தது, போனது. மரங்கள் குறைந்து, பிலெஃபியெல் என்னும் மேட்டு நிலம் வந்தது. தங்கை மீண்டும் கேட்டாள், “இப்ப நான் எடுக்கட்டா?” மீண்டும் அதே பதில்.

அந்த மேட்டு நிலத்தில் ஒரு பழைய பாதை இன்றும் இருக்கிறது. அரச பாதை என்று அதற்குப் பெயர். கிழக்கு நோர்வேயையும் மேற்கு நோர்வேயையும் குதிரை வண்டி செல்லக்கூடிய விதத்தில் முதன்முதலில் இணைத்த பாதை அது; 1790களில் அமைக்கப்பட்டது. கல் அடுக்கிக் கட்டிய அதன் வளைவுகளில் இப்போது மக்கள் ஆறுதலாக நடந்து போகிறார்கள். அதுவும் தாளில் எழுதப்பட்டிருந்த இடங்களில் ஒன்றுதான். “நேரமில்ல, வரும்போது பார்ப்போம்” என்று அதைக் கடந்தோம். பன்னிரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த, முழுவதும் மரத்தாலான போர்குன்ட் தேவாலயத்தை வாகனத்தின் யன்னலால் பார்த்தோம். பார்த்தோம் என்று சொல்வதைவிட, அது எங்களைக் கடந்து போனது என்பதே பொருத்தம்.

மாலை ஐந்து மணியளவில் லார்டல் பள்ளத்தாக்கில் பாதை இரண்டாகப் பிரியும் இடத்துக்கு வந்தோம். அங்கேதான் சண்டை மூண்டது.

லார்டலுக்கும் அடுத்த ஊரான ஓர்லாண்டுக்கும் நடுவே பெரியதொரு மலை நிற்கிறது. அதைக் கடக்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று மலைக்கு மேலால் போகும் பழைய பாதை, 1967இல் திறக்கப்பட்டது. சுமார் 47 கிலோமீற்றர் நீளம். அதன் உச்சி கடல் மட்டத்திலிருந்து 1306 மீற்றர். கோடையிலும் ஓரங்களில் பனி கிடப்பதால் அதைப் பனிப்பாதை என்றே அழைக்கிறார்கள். மற்றையது மலைக்குள்ளால் போகும் சுரங்கப்பாதை. அதன் நீளம் 24.5 கிலோமீற்றர். உலகின் மிக நீளமான வீதிச் சுரங்கம் இதுவே. 1995இல் குடையத் தொடங்கி, 2000ஆம் ஆண்டு நவம்பர் மாதம் மன்னர் ஹரால்ட் திறந்து வைத்தார். மேலால் போனால் ஒன்றரை மணி நேரம் கட்டாயம் வேண்டும்; நின்று பார்த்தால் அரை நாளும் போகும். உள்ளால் போனால் இருபது நிமிடம்.

தங்கையின் மூத்த மகனுக்குப் பதினேழு வயது. இந்த மலைப்பாதைக்காகவே அவன் பயணத்துக்குச் சம்மதித்திருந்தான். “வாப்பா, மேலால போவோமே” என்றான். “பேர்கனுக்கு இன்னும் இருநூறு கிலோமீற்றர் கிடக்கு. ஏலாது” என்றார் மச்சான். “அப்ப தாளில ஏன் எழுதினீங்க?” என்றான் மகன். இதற்கு வாகனத்துக்குள் எவரிடமும் பதில் இருக்கவில்லை. உம்மாவோ சுரங்கம் என்றதும் கைப்பையை இறுகப் பிடித்துக்கொண்டார். மூடிய இடமென்றால் அவருக்கு மூச்சு முட்டும். ஆனால் யாரும் அவரிடம் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. வாகனம் சுரங்கத்துக்குள் நுழைந்தது.

வெளியே மாலை ஐந்து மணிக்கும் வெயில் பளிச்சென்று அடித்துக்கொண்டிருந்தது. உள்ளே ஒரே அளவான மங்கல் வெளிச்சம், ஒரே சீரான இரைச்சல். இரண்டு நிமிடம் போவதற்குள் பின்னால் பிள்ளைகள் தூங்கிவிட்டார்கள். எனக்கும் கண் செருகியது. உம்மா மாத்திரம் விழித்திருந்தார். பயத்தில் வெளியே பார்க்க விரும்பாமல், சாரதிக்கு முன்னாலிருக்கும் சிறு கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தாராம். அதில் தெரிந்தவை மச்சானின் கண்கள்.

“மகன்!” என்று உம்மா கத்தினார். அதே கணத்தில் சில்லுகளுக்கு அடியில் கடகடவென்று பேரொலி எழுந்தது. வாகனம் நடுக்கோட்டை மிதித்துவிட்டது. தூரத்தில் எதிரே ஒரு லொறியின் விளக்குகள். மச்சான் திடுக்கிட்டு வாகனத்தைத் தன் பக்கத்துக்கு இழுத்தார். லொறி கடந்து போனது. யாரும் ஒன்றும் பேசவில்லை. சற்று நேரத்தில் முன்னால் நீல நிறமாக ஏதோ தெரிந்தது. சுரங்கம் அந்த இடத்தில் அகன்று, உயர்ந்து, பெரியதொரு குகையாக இருந்தது. சுவரெங்கும் நீல ஒளி. அடியில் மஞ்சள் ஒளி. விடியற்காலை போல் இருந்தது. அங்கே வாகனத்தை ஓரமாக நிறுத்தினார். ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்தபோது விரல்கள் நடுங்கின.

வாசகர்களே, அந்தக் குகை அங்கே தற்செயலாக அமைந்ததன்று. நீண்ட சுரங்கத்தில் ஓட்டுபவனின் மனம் எப்படிச் சோரும் என்பதை, பாதையை அமைத்தவர்கள் முன்கூட்டியே உளவியலாளர்களைக் கொண்டு ஆராய்ந்தார்கள். அதன்படி ஏறக்குறைய ஆறு கிலோமீற்றருக்கு ஒன்றாக மூன்று குகைகளைக் குடைந்து, சுரங்கத்தை நான்கு துண்டுகளாகப் பிரித்தார்கள். இருளிலிருந்து வெளிச்சத்துக்கு வந்த உணர்வு ஏற்பட்டால் மனம் விழித்துக்கொள்ளும் என்பது அவர்களது கணிப்பு. நடுக்கோட்டை ஒட்டி ஒலியெழுப்பும் வரிகளை அமைத்தார்கள். நேர்கோடாகக் குடையாமல் மெல்லிய வளைவுகளை வைத்தார்கள். பெரிய பஸ்களும் லொறிகளும் திரும்பிப் போகக்கூடிய 15 இடங்களை ஒதுக்கினார்கள். குறுகிய இடைவெளிகளில் அவசர தொலைபேசிகளை வைத்தார்கள். சாரதி ஒருநாள் களைத்துத்தான் வருவான் என்பதைக் கல்லுடைத்தவர்கள் யோசித்திருந்தார்கள். அவனோடு கூடவே இருந்த நாங்கள்தான் யோசிக்கவில்லை.

தங்கை கணவனைக் கடிந்துகொள்ளவில்லை. கையை மாத்திரம் நீட்டினாள். அவர் சாவியைக் கொடுத்தார். உம்மா பிளாஸ்கைத் திறந்து இஞ்சி பிளேன்ரீ ஊற்றி முதலில் மச்சானுக்குக் கொடுத்தார். “நீங்க பின்னால வந்து என்ட பக்கத்தில சாய்ஞ்சிக்கோங்க மகன். பேர்கன் எங்கயும் ஓடிப் போகாது” என்றார். மலைக்குள்ளே, தலைக்கு மேல் ஆயிரம் மீற்றர் பாறையை வைத்துக்கொண்டு, சுரங்கத்துக்குப் பயந்த அதே மனுஷி இதைச் சொன்னார்.

அன்றிரவு நாங்கள் ஓர்லாண்டோடு நின்றுவிட்டோம். அங்கே முகாம் நிலங்களில் சிறு மரக் குடில்களை வாடகைக்குக் கொடுப்பார்கள். அடுக்குக் கட்டில்களும் ஒரு சிறு அடுப்பும் இருக்கும். விரிப்பு நம்முடையது, சமையலும் நம்முடையது, காலையில் கூட்டித் துடைத்து ஒப்படைக்க வேண்டியதும் நாமே. தங்கை கொண்டுவந்திருந்த பருப்பையும் சோற்றையும் ஆக்கினோம். இரவு பதினொரு மணிக்கும் வெளியே புத்தகம் வாசிக்கக்கூடிய வெளிச்சம் இருந்தது. குடிலுக்கு முன்னால் பாடசாலையில் பூகோளப் பாடத்தில் ‘நுழைகழி’ என்று படித்தோமே, அது கிடந்தது. பனிக்கட்டியாறு குடைந்த பள்ளத்தாக்கில் கடல் புகுந்து உண்டானது. ஓர்லாண்டின் நுழைகழி, 200 கிலோமீற்றருக்கும் மேல் நீண்டு, 1300 மீற்றர் வரை ஆழம் கொண்ட சொக்னே நுழைகழியின் ஒரு கிளை. மச்சான் இதையெல்லாம் பார்க்கவில்லை. பத்து மணி நேரம் தூங்கினார்.

மறுநாள் காலை அவர் செய்த முதல் வேலை, அந்தத் தாளை எடுத்து மகனின் கையில் கொடுத்ததுதான். “இன்டைக்கு ஒரு இடம். எது எண்டு நீ சொல்லு” என்றார். அவன் யோசிக்கவே இல்லை. மேல் பாதை!

ஓர்லாண்டிலிருந்து ஏறிய சற்று நேரத்திலேயே ஸ்தேகஸ்தைன் என்ற காட்சி மேடை வந்தது. 2006இல் அமைத்தது. மலைச் சரிவிலிருந்து 30 மீற்றர் வெளியே நீண்டு, முனையில் கீழ்நோக்கி வளைந்து போகும் மரப் பாலம் அது. முடிவில் கைபிடிச் சுவருக்குப் பதிலாகச் சரிந்த கண்ணாடி. 650 மீற்றர் கீழே நுழைகழி. அங்கே போன பெரிய கப்பலொன்று தீப்பெட்டியளவில் தெரிந்தது. ஒன்பது வயதுச் சின்ன மகள் கண்ணாடியில் நெற்றியை ஒட்டிவைத்துப் பார்த்தாள். உம்மா பாதித் தூரத்திலேயே நின்றுகொண்டார். “நான் இங்கயிருந்தே பாக்கிறன்” என்றார். யாரும் வற்புறுத்தவில்லை. முந்திய நாளாக இருந்திருந்தால் வற்புறுத்தியிருப்போம்.

அதற்கு மேல் பாதை ஒடுங்கியது. ஒரே நேரத்தில் ஒரு வாகனம்தான் போகலாம். ஆங்காங்கே நீலப் பலகையில் வெள்ளை நிறத்தில் ‘எம்’ என்ற எழுத்து இருக்கும். எதிரெதிராக வருகிற வாகனங்கள் ஒதுங்கி வழிவிடுவதற்கான இடம் அது. அந்த இடத்துக்கு அருகில் இருப்பவர் பின்னால் எடுத்து ஒதுங்க வேண்டும். ஒதுங்கியவருக்கு மற்றவர் கையை உயர்த்திக் காட்டிவிட்டுப் போவார். ஹோர்ன் சத்தம் ஒன்றையும் நாங்கள் கேட்கவில்லை. கழுத்தில் மணி கட்டிய செம்மறியாடுகள் பாதை நடுவே படுத்திருந்தால் அவற்றுக்கும் அதே மரியாதைதான். அவை எழும்பும்வரை காத்திருக்க வேண்டும்.

உச்சியில் மரமில்லை, வீடில்லை. கல்லும் பாசியும், பாதி உறைந்த சிறு ஏரிகளும், பாதையோரம் ஆளுயரப் பனியும்தான். உம்மா வாழ்க்கையில் முதல்முறையாகப் பனியைத் தொட்டார். தொட்டதோடு விடவில்லை. பிளாஸ்கின் மூடிக்குள் ஒரு பிடி பனியை அடைத்து, எங்கே போய்க் கரைகிறது என்று பார்ப்போம் என மடியில் வைத்துக்கொண்டார். மலையின் மறுபக்கம் லார்டலுக்கு இறங்கும்போது பாதிக்கு மேல் தண்ணீராகியிருந்தது. கீழே வந்ததும் அந்தத் தண்ணீரில் முகத்தைத் துடைத்தார். 47 கிலோமீற்றரைக் கடக்க எங்களுக்கு ஏழு மணி நேரம் ஆனது. ஒருவரும் நேரத்தைப் பார்க்கவில்லை.

குடிலுக்குத் திரும்பும்போது மச்சானே சுரங்கத்தின் வழியாக ஓட்டினார். நன்றாகத் தூங்கியிருந்த சாரதிக்கு அது வெறும் இருபது நிமிடம். உம்மா மூன்று நீலக் குகைகளையும் எண்ணி, “மூணு” என்று சொல்லி முடித்தார். கைப்பையைப் பிடித்திருக்கவில்லை.

மூன்றாம் நாள் பக்கத்திலுள்ள உன்ட்ரெடால் என்ற கிராமத்துக்குப் போனோம். நுழைகழியின் கரையில், செங்குத்தான மலைகளுக்கிடையே நூறு பேரளவில் வாழ்கிறார்கள். ஆடுகள் அதைவிடப் பல மடங்கு. ஆட்டுப்பால் மோரைப் பல மணி நேரம் காய்ச்சி மண்ணிறமான ஒரு பாற்கட்டி செய்கிறார்கள். தொதலை நினைவூட்டும் இனிப்பு. பின்னால் ஆட்டுப்பாலின் வாசம். அந்தக் கிராமத்துக்கு வீதி வந்தது 1988இல்தான். அதுவரை பாதை என்றால் படகு. நோயாளியும் படகில், சாமான் சட்டுகளும் படகில்.

அங்கே நின்றபோதுதான் சுரங்கத்தின் அருமை எனக்கு விளங்கியது. உல்லாசப் பயணிகள் சுரங்கத்தைக் குறை சொல்வார்கள்: காட்சியைக் கெடுக்கிறதாம். ஆனால் அது காட்சிக்காகக் குடையப்பட்டதன்று. மாரியில் மலைப்பாதை பனியில் மூடிப்போகும். அப்போது ஒஸ்லோவுக்கும் பேர்கனுக்கும் இடையில் தோணிச் சேவையை நம்பாமல் வருடம் முழுவதும் போய்வர ஒரு வழி வேண்டும் என்பதற்காகவே, 1992இல் அந்நாட்டுப் பாராளுமன்றம் அதைத் தீர்மானித்தது. நூறு கோடி குரோனருக்கும் மேல் செலவானது. அதே வேளை பழைய மலைப்பாதையையும் அவர்கள் கைவிடவில்லை. அதைப் பார்த்துப் போவோருக்கென்று பராமரித்து, நாட்டின் 18 காட்சிப் பாதைகளில் ஒன்றாக்கினார்கள். போய்ச் சேருவதற்கு ஒரு பாதை, பார்த்துப் போவதற்கு ஒரு பாதை. இரண்டையும் அவர்கள் குழப்பிக்கொள்ளவில்லை. நாங்கள்தான் பார்த்துப் போக வேண்டிய பயணத்தைப் போய்ச் சேரும் வேகத்தில் செய்யப் பார்த்தோம்.

குடும்பத்தோடு தூரப் பயணம் போக எண்ணுகிறவர்கள், அது எந்த நாட்டிலாயினும், சில விடயங்களை மனதில் கொள்வது நல்லது. சாரதி முந்திய இரவு தூங்கினாரா என்று முதலில் கேளுங்கள். வாகனத்துக்கு எண்ணெய் இருக்கிறதா என்பது அதற்குப் பிறகுதான். ஓட்டத் தெரிந்தவர் இன்னொருவர் இருந்தால், அவர் மனைவியாயினும் மகளாயினும், சாவியைக் கொடுப்பதில் கௌரவக் குறைவு எதுவுமில்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையாவது நிறுத்துங்கள். எங்கே நிறுத்துவது என்பதைச் சாரதி தீர்மானிக்க வேண்டாம். வாகனத்தில் அதிகம் சிரமப்படுபவர் தீர்மானிக்கட்டும். வயதானவர்கள் பெரும்பாலும் வாய்விட்டுக் கேட்க மாட்டார்கள். நாம்தான் கேட்க வேண்டும். ஒரு நாளைக்கு ஓர் இடம் போதும். அதுவும் மூடியிருந்தால் மனம் உடைய வேண்டியதில்லை. நோர்வேயின் மிகப் பிரபலமான பாதை, பதினொரு கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட திரொல்ஸ்திகன். 1936இல் திறக்கப்பட்டது. அதைக்கூட 2024ஆம் ஆண்டுக் கோடையில் கல் விழும் ஆபத்தினால் மூடிவிட்டார்கள். மலையோடு அவர்களே பிடிவாதம் பிடிப்பதில்லை.

பேர்கன் நகரை நாங்கள் பார்க்கவில்லை. தாளிலிருந்த ஒன்பது இடங்களில் ஆறு அப்படியே மிஞ்சின. ஊர் திரும்பிய பின் உம்மாவைப் பார்க்க வந்தவர்கள், “நோர்வேயில என்ன பாத்தீங்க?” என்று கேட்கும்போதெல்லாம் அவர் நுழைகழியையோ கண்ணாடி மேடையையோ முதலில் சொல்வதில்லை. மலைக்குள்ளே இருக்கும் ஒரு நீல அறையைப் பற்றித்தான் தொடங்குவார். அங்கே வாகனத்தை நிறுத்தி எல்லோரும் பிளேன்ரீ குடித்ததைச் சொல்வார். மருமகனின் கண் மூடியதை மட்டும் இன்றுவரை எவரிடமும் அவர் சொன்னதில்லை. மச்சான் என்னிடம் அடிக்கடி சொல்வதும் அதைத்தான். அதனால்தான் அவருடைய அனுமதியோடு அதை நான் இங்கே எழுதுகிறேன்.